கடல் கொண்ட கிளமெண்டே

1972ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இரவு. கரீபியன் கடலுக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் இடையே கிடக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவின் தலைநகர் சான் ஹுவான், புத்தாண்டை வரவேற்கக் காத்திருந்தது. ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பாக நகரின் விமான நிலையத்திலிருந்து பழைய சரக்கு விமானம் ஒன்று புறப்பட்டது. நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவா நாட்டு மக்களுக்கான உணவும் மருந்தும் துணிமணிகளும் அதில் இருந்தன. மேலெழும்பிய சில நிமிடங்களிலேயே அது கடலில் விழுந்தது. விமானத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்களுள் ஒருவர் பேஸ்பால் வீரர் ராபர்டோ கிளமெண்டே. அப்போது அவருக்கு வயது 38.

செய்தி பரவியதும் தீவின் கொண்டாட்டம் ஓய்ந்தது. விடிவதற்குள் மக்கள் கடற்கரையில் திரளத் தொடங்கினர். அவர் எப்படியும் நீந்திக் கரையேறி விடுவார் என்று நம்பியவர்கள் அலைகளைப் பார்த்தபடி நாள்கணக்கில் அங்கே நின்றனர். அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. ஜனவரி 2ஆம் நாள் பதவியேற்கவிருந்த புதிய ஆளுநரின் விழாக் கேளிக்கைகள் கைவிடப்பட்டன. கடலுக்கு அப்பால், அவர் பதினெட்டு ஆண்டுகள் ஆடிய அமெரிக்க நகரமான பிட்ஸ்பர்கில், குன்றின் மேலிருந்த பெரிய மின்விளம்பரப் பலகை அவருக்கு ஸ்பானிய மொழியில் விடை கூறியது. எஃகு ஆலைத் தொழிலாளரின் அந்த நகரம், ஒரு காலத்தில் அவருடைய மொழியைக் கேலி செய்த பத்திரிகைகளின் நகரமும் ஆகும்.

ஒரு விளையாட்டு வீரருக்காக ஒரு சமூகமே அழுவதைக் கற்றறிந்தோர் பலர் மிகையுணர்ச்சி என்று ஒதுக்குவதுண்டு. நேரில் ஒரு வார்த்தையும் பேசியிராத ஒருவருக்காகக் கண்ணீர் விடுவது அவர்களுக்குப் புதிராகத் தோன்றும். கிளமெண்டேயின் வாழ்வை அறிந்தால் அந்தக் கண்ணீரின் நியாயம் விளங்கும். அந்தக் கண்ணீருக்கிடையே கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு என்பதும் விளங்கும்.

போர்ட்டோ ரிக்கோவின் கரோலினா என்ற ஊரில் 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் கிளமெண்டே பிறந்தார். ஏழு குழந்தைகளில் இளையவர். தந்தை கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். தீவின் பொருளாதாரம் அன்று பெரும்பாலும் கரும்பையே நம்பியிருந்தது. நிலமும் ஆலையும் ஒரு சிலரிடம், உழைப்பு மட்டும் மற்றவரிடம் என்ற நிலை. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றிய நிலப்பகுதி அது. 1917 முதல் அதன் மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆயினும் தீவில் வசிக்கும்வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை அவர்களுக்கு இன்றளவும் இல்லை. குடிமகனாகவும் அயலானாகவும் ஒரே நேரத்தில் நடத்தப்படும் இந்த நிலைதான் கிளமெண்டேயின் வாழ்க்கை முழுவதையும் தொடர்ந்தது.

பள்ளி நாள்களில் அவர் ஈட்டி எறிதலிலும் சிறந்து விளங்கினார். பிற்காலத்தில் மைதானத்தின் கடைக்கோடியிலிருந்து அவர் எறிந்த பந்து, ஓடிக்கொண்டிருக்கும் எதிரணி வீரருக்கு முன்பாக இலக்கைச் சென்றடையும். அந்தத் தோள்வலிமைக்கு ஈட்டிப் பயிற்சியும் ஒரு காரணம் என்பர். 18 வயதில் உள்ளூர் குளிர்காலப் போட்டிகளில் சாந்துர்சே அணிக்குத் தேர்வானார். 1954-55 பருவத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் வில்லி மேஸும் அதே அணியில் அவருக்குத் துணையாக ஆடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பேஸ்பால் ஆட்டம் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. கிரிக்கெட்டில் நன்கு ஆடுபவர் மணிக்கணக்கில் மட்டையுடன் நிற்கலாம். பேஸ்பாலில் மட்டையாளருக்குக் கிடைப்பவை சில பந்துகளே. உருண்டை மட்டையால் அவற்றில் ஒன்றை அடித்து, தடுப்பாளர் கையில் சிக்காமல் முதல் நிலையையேனும் அடைய வேண்டும். பத்து வாய்ப்புகளில் மூன்றில் இது கைகூடினாலே அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ஏழு முறை தோற்றுத் திரும்புவதைத் தாங்கிக்கொள்ளும் மனவுறுதியை இந்த ஆட்டம் கேட்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் கிளமெண்டேயின் சராசரி, ஆயிரத்துக்கு 317.

1954ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. பத்தாயிரம் டாலர் ஊக்கத்தொகை, ஐயாயிரம் டாலர் ஊதியம். வேறோர் அணி இதைவிடப் பெருந்தொகை தர முன்வந்தபோதும், முதலில் கொடுத்த சொல்லை அவர் மாற்றவில்லை என்பர். அக்கால விதி ஒன்றின்படி, நாலாயிரம் டாலருக்கு மேல் ஊக்கத்தொகை பெறும் புதிய வீரரை அணி தன் முதன்மைப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும்; இல்லையேல் ஆண்டிறுதியில் வேறோர் அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். டாட்ஜர்ஸ் அவரைக் கனடாவின் மான்ட்ரியலில் இருந்த துணை அணிக்கு அனுப்பி வைத்தது. அடிக்கடி ஆட்டத்தில் சேர்க்காமல் உட்கார வைத்தது. பிறர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கும் உத்தி அது என்றே பலரும் கருதினர். அந்த உத்தி பலிக்கவில்லை. பட்டியலில் கடைசி இடத்தில் இருந்த பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி, வெறும் நாலாயிரம் டாலர் செலுத்தி அந்த நவம்பரில் அவரைத் தன்வசமாக்கிக்கொண்டது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த நிகழ்வு எனக்குச் சுவையாகவும் கசப்பாகவும் படுகிறது. அணிகள் தமக்குள் போட்டியிட்டு வீரர்களின் விலை ஏறிவிடக் கூடாது என்பதற்காகச் செல்வந்த உரிமையாளர்கள் வகுத்துக்கொண்ட விதி அது. அன்றைய பேஸ்பாலில் இதனினும் கடுமையான நிபந்தனை ஒன்றும் இருந்தது. ஓர் அணியுடன் ஒருமுறை ஒப்பந்தம் செய்துகொண்ட வீரர், அந்த அணி விடுவிக்கும்வரை வேறெங்கும் ஆட இயலாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அணியின் பிடி முடியாது. விற்கலாம், மாற்றலாம், வீரரின் சம்மதம் தேவையில்லை. வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தையில் உழைப்பவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இராது. கரும்புத் தோட்டத்திலிருந்து வந்தவருக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருந்திராது.

1955 ஏப்ரலில் அவர் முதன்மை ஆட்டங்களில் அடியெடுத்து வைத்தார். கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் அமெரிக்க முதன்மை அணியில் நுழைந்து அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆண்டின் தொடக்கத்தில் அணிகள் பயிற்சிக்குச் செல்லும் புளோரிடா மாநிலத்தில் நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்தன. வெள்ளை வீரர்கள் விடுதியில் தங்குவர். கறுப்பு வீரர்கள் ஊரின் மறுபக்கத்தில் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்க வேண்டும். வழியில் பேருந்து நின்றால் வெள்ளையர் உணவகத்துக்குள் சென்று உண்பர். மற்றவர் பேருந்திலேயே காத்திருக்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. ஆனால், தோலின் நிறத்தைச் சட்டமாக எழுதி வைத்து மனிதரைப் பிரிக்கும் முறையை அவர் அங்குதான் முதன்முதலாகக் கண்டார். பிறர் சாப்பாட்டை வாங்கி வந்து தரும்வரை காத்திருப்பதைத் தன்மானம் குறைவதாகவே அவர் கருதினார்.

கறுப்பர் என்பதோடு ஸ்பானிய மொழி பேசுபவர் என்பதும் சேர்ந்துகொண்டது. ராபர்டோ என்ற பெயரைப் பத்திரிகைகளும் வீரர்களின் படம் பதித்த அட்டைகளும் பாப் என்று சுருக்கின. அவர் தடுமாறிப் பேசிய ஆங்கிலத்தை அந்தத் தடுமாற்றம் தெரியும்படியே எழுத்துக் கூட்டி அச்சிட்டனர் செய்தியாளர்கள். ஆட்டத்தைப் பற்றி அவர் கூறிய நுட்பமான கருத்துகள்கூட அச்சில் வரும்போது நகைப்புக்குரியவையாயின. 1954ஆம் ஆண்டின் இறுதியில் குடிபோதையில் ஒருவர் ஓட்டி வந்த கார் மோதியதில் அவருடைய முதுகெலும்பு பாதிக்கப்பட்டிருந்தது; அந்த வலி இறுதிவரை அவரை விடவில்லை. வலிக்கிறது என்று அவர் சொன்னபோது, நோய் இல்லாமலே நோய் என்பவர் என்று எழுதினர். வெள்ளை வீரர் வலியோடு ஆடினால் அது வீரம். அவர் வலியைச் சொன்னால் அது சோம்பல். இந்த இரட்டை அளவுகோலை அவர் மறைக்காமல் கண்டித்தார். அதனால் சினம் மிகுந்தவர் என்ற பெயரும் வந்தது.

1960ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் அணி உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. எதிரே நியூயார்க் யாங்கீஸ். ஏழு ஆட்டங்களில் யாங்கீஸ் எடுத்த ஓட்டங்கள் 55. பிட்ஸ்பர்க் எடுத்தவை 27. இருந்தும் நான்கு ஆட்டங்களில் வென்றது பிட்ஸ்பர்க்தான். ஏழு ஆட்டங்களிலும் கிளமெண்டே பந்தை அடித்து நிலையடைந்தார். வெற்றிக்குப் பின் வீரர்களின் உடைமாற்றும் அறையில் நடந்த கேளிக்கையில் நெடுநேரம் இருக்காமல், தெருவில் ஆடிக்கொண்டிருந்த ரசிகர்களோடு போய்க் கலந்துகொண்டார். அணிக்குள் பெற முடியாத நெருக்கத்தை அவர் அந்த மக்களிடம் கண்டார் என்றே தோன்றுகிறது.

அந்த ஆண்டின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கப் பத்திரிகையாளர்கள் வாக்களித்தபோது கிளமெண்டேக்கு எட்டாம் இடமே கிடைத்தது. விருது அவருடைய அணியைச் சேர்ந்த வேறொருவருக்குச் சென்றது. முதலிடம் கிடைக்காததைவிட எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதே அவரைப் புண்படுத்தியது. அதற்கு அவர் மட்டையால் விடை சொன்னார். 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் நேஷனல் லீக்கின் மட்டையாட்டச் சராசரியில் முதலிடம் பிடித்தார். 1966இல் சிறந்த வீரர் விருதும் வந்து சேர்ந்தது. பந்து தடுப்பில் சிறந்தவருக்கான தங்கக் கையுறை விருதை 1961 முதல் 1972 வரை ஆண்டு தவறாமல் பன்னிரண்டு முறை பெற்றார்.

மைதானத்துக்கு வெளியேயும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்கு முடியும்வரை ஆடப் போவதில்லை என்று பிட்ஸ்பர்க் அணியின் கறுப்பு வீரர்கள் உறுதியாக நின்றனர். அந்த முடிவில் முன்நின்றவர்களுள் கிளமெண்டேயும் ஒருவர். வெள்ளை வீரர்களும் உடன் நின்றனர். அணியின் தொடக்க ஆட்டம் தள்ளி வைக்கப்பட்டது. 1969 டிசம்பரில் வீரர்கள் சங்கத்தின் கூட்டம் சான் ஹுவானில் கூடியது. தன்னைக் கேளாமல் வேறோர் அணிக்கு மாற்றப்பட்ட கர்ட் ஃபிளட் என்ற வீரர், முன்னர் குறிப்பிட்ட அடிமை நிபந்தனையை எதிர்த்து வழக்குத் தொடர ஆதரவு கேட்டார். பிட்ஸ்பர்க் அணியின் சங்கப் பிரதிநிதியாக அங்கிருந்த கிளமெண்டே அவரை ஆதரித்தார். அந்த வழக்கு 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1975 டிசம்பரில் நடுவர் ஒருவரின் தீர்ப்பால்தான் அந்தப் பிடி தளர்ந்தது. அதன்பின் வீரர்களின் ஊதியம் பன்மடங்கு உயர்ந்தது. அந்தப் பயனை நுகர கிளமெண்டே உயிரோடு இல்லை.

1971ஆம் ஆண்டு உலகத் தொடரில் பிட்ஸ்பர்க் அணி மீண்டும் ஆடியது. எதிரணியான பால்டிமோரில் அந்த ஆண்டு இருபது வெற்றிகளைக் கண்ட பந்து எறிபவர்கள் நால்வர் இருந்தனர். முதல் இரண்டு ஆட்டங்களையும் பிட்ஸ்பர்க் இழந்தது. 37 வயதான கிளமெண்டே அதன் பின்னர் ஆடிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. இந்த முறையும் ஏழு ஆட்டங்களிலும் பந்தை அடித்து நிலையடைந்தார். சராசரி ஆயிரத்துக்கு 414. ஏழாவது ஆட்டத்தில் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி வெற்றிக்கு வழிவகுத்தார். தொடரின் சிறந்த வீரர் விருது பெற்ற முதல் லத்தீன் அமெரிக்கர் ஆனார்.

வெற்றிக்குப் பின் ஒலிவாங்கி அவரிடம் நீட்டப்பட்டது. ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன், அமெரிக்கத் தொலைக்காட்சியில் தம் தாய்மொழியில் பெற்றோரின் ஆசியை வேண்டினார். பதினாறு ஆண்டுகள் அவருடைய பேச்சைக் கேலி செய்தவர்களுக்கு அவர் அளித்த மறுமொழி இதுதான். போர்ட்டோ ரிக்கோவின் வீடுகளில் அந்தச் சில விநாடிகள் எப்படி ஒலித்திருக்கும் என்பதைத் தாய்மொழிப் பற்றுள்ள எவரும் ஊகிக்கலாம். நியூயார்க்கின் ஆலைகளிலும் உணவகங்களிலும் வேலை தேடிச் சென்று, தங்கள் மொழிக்காகத் தாழ்த்தப்பட்ட இலட்சக்கணக்கான தீவு மக்கள் அன்று தலைநிமிர்ந்தனர். அவரை அவர்கள் நேசித்ததற்கு விளையாட்டுத் திறன் பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் இது.

1972 செப்டம்பர் 30ஆம் நாள் தமது மூவாயிரமாவது வெற்றி அடியை அவர் அடித்தார். அதற்குமுன் அந்த எண்ணை எட்டியவர்கள் பத்தே பேர். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் 13 ஆயிரம் பேர் அளவில்தான். அவருடைய கணக்கில் அதுவே கடைசி அடியும் ஆயிற்று. பதிவேட்டில் இன்றும் அந்த எண் சரியாக மூவாயிரம் என்றே நிற்கிறது.

1964இல் வேரா என்ற பெண்ணை மணந்த கிளமெண்டேக்கு மூன்று மகன்கள். ஆட்டப் பருவம் முடிந்ததும் தீவுக்குத் திரும்பி, ஏழைச் சிறுவர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடத்துவார். வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும்போது அந்தந்த ஊர் மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தைகளைப் பார்த்து வருவார். இவை பெரும்பாலும் செய்தியாளர்கள் இல்லாமலே நடந்தன. வறிய வீட்டுப் பிள்ளைகள் கட்டணமின்றி விளையாடிப் பழகுவதற்கு ஒரு விளையாட்டு நகரத்தைத் தீவில் உருவாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு.

1972 நவம்பரில், அமெச்சூர் வீரர்களுக்கான உலகப் போட்டி நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் நடந்தது. போர்ட்டோ ரிக்கோ அணிக்குப் பொறுப்பேற்று கிளமெண்டே அங்குச் சென்றார். சில வாரங்கள் தங்கி, கடைத்தெருவில் எளிய மக்களோடு பழகினார். கால்களை இழந்த சிறுவன் ஒருவனுக்குச் செயற்கைக் கால்கள் பொருத்த ஏற்பாடு செய்தார். அவர் ஊர் திரும்பிய சில நாள்களில், டிசம்பர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், மனாகுவாவை நிலநடுக்கம் தாக்கியது. நகரின் மையப்பகுதி தரைமட்டமானது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். மருத்துவமனைகளும் தப்பவில்லை. தாம் பார்த்துப் பேசிய முகங்கள் அவர் கண்முன் நின்றிருக்க வேண்டும். தீவில் நிவாரணக் குழு அமைந்ததும் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கிறிஸ்துமஸ் நாளைக்கூடக் குடும்பத்துடன் கழிக்காமல் பொருள் திரட்டினார்.

பொருள்கள் விமானங்களில் அனுப்பப்பட்டன. ஆனால், அவை உரியவர்களைச் சென்றடையவில்லை என்ற தகவல் வந்தது. நிகராகுவா அப்போது அனஸ்தாசியோ சொமோசாவின் சர்வாதிகாரப் பிடியில் இருந்தது. உலகெங்கிலுமிருந்து வந்த உதவிகளை அவருடைய தேசியக் காவற்படை கைப்பற்றியது. ஒரு பகுதி வெளிச்சந்தையில் விற்கப்பட்டது. பசித்தவனுக்கும் உணவுக்கும் இடையே துப்பாக்கி ஏந்திய காவலன் நின்றான். தாமே நேரில் சென்றால் தம் பெயருக்கு அஞ்சியேனும் பொருள்களைத் தடுக்கமாட்டார்கள் என்று கிளமெண்டே முடிவு செய்தார். தம் புகழுக்கு அவர் கண்ட கடைசிப் பயன் இதுதான்.

அவர் ஏறிய டிசி-7 விமானம் நான்கு இயந்திரங்கள் கொண்ட பழைய சரக்கு விமானம். அதே டிசம்பர் 2ஆம் நாள் ஓடுபாதைப் பகுதியில் விபத்துக்குள்ளாகிச் சேதமடைந்திருந்தது. அனுமதிக்கப்பட்ட எடையைவிட நாலாயிரம் பவுண்டுக்கும் அதிகமாகச் சரக்கு ஏற்றப்பட்டிருந்தது. விமானி ஒருவரைத் தவிர, துணை விமானி இருக்கையிலும் பொறியாளர் பணியிலும் இருந்தவர்கள் அந்த வகை விமானத்துக்கு உரிய தகுதிச் சான்று பெறாதவர்கள். புறப்பட்டதும் இயந்திரக் கோளாறு ஏற்பட்டது. திரும்பி வர முயன்ற விமானம், கிளமெண்டே பிறந்த கரோலினாவின் கரைக்கு அருகிலேயே கடலில் விழுந்தது. அந்த விமான நிலையமே கரோலினா நகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது.

தேடுதல் நாள்கணக்கில் நடந்தது. விமானியின் உடல் மட்டுமே மீட்கப்பட்டது. கிளமெண்டேயின் உடலைக் கடல் திருப்பித் தரவேயில்லை. ஜனவரி 4ஆம் நாள், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குத் திருமணம் நடந்த அதே கரோலினா தேவாலயத்தில் நினைவுத் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. பிட்ஸ்பர்கிலிருந்து அணியினர் அனைவரும் வந்திருந்தனர், ஒருவரைத் தவிர. கிளமெண்டேயின் நெருங்கிய நண்பரான மானி சாங்கியேன் அந்த நேரத்தில் கடலில் மூழ்குவோருடன் சேர்ந்து தம் தோழனின் உடலைத் தேடிக்கொண்டிருந்தார். துக்கத்தை வெளிப்படுத்த அவருக்குத் தெரிந்த வழி அது.

உடல் கிடைக்காத மரணத்தில் துக்கம் முடிவதில்லை. பார்க்க முகமில்லை, நீர் வார்க்கக் கல்லறையில்லை. கரையில் நின்று கடலைப் பார்ப்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த வெறுமையை நினைவுச் சின்னங்கள் நிரப்பின. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே ஒருவரைப் புகழ் மண்டபத்தில் சேர்ப்பது என்ற விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டது. 1973 மார்ச்சில் நடந்த சிறப்புத் தேர்தலில் 424 வாக்குகளில் 393 அவருக்குக் கிடைத்தன. அங்கு இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்கர் அவரே. வாக்களித்தவர்கள் பேஸ்பால் செய்தியாளர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிட்ஸ்பர்க் அணி அவருடைய 21ஆம் எண் சட்டையை வேறெவருக்கும் வழங்குவதில்லை என முடிவு செய்தது. சமூகத் தொண்டில் சிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது அவர் பெயரைத் தாங்கியது. நகரின் பாலம் ஒன்றுக்கும் பின்னாளில் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2001இல் திறக்கப்பட்ட புதிய மைதானத்தில், அவர் காத்து நின்ற வலப்புறத்தின் சுவர் 21 அடி உயரத்தில் எழுப்பப்பட்டது.

இவையனைத்தும் தகுதியானவை. ஆனால், கேட்கப்படாத கேள்வியைப் பற்றி முன்னர் குறிப்பிட்டேன். இறந்தோர் குடும்பத்தினர் அமெரிக்க அரசின் மீது வழக்குத் தொடர்ந்தனர். இத்தகைய வாடகை விமானங்களைப் புறப்படும் முன் சோதிக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் துறையின் உள் உத்தரவு ஒன்று நடப்பில் இருந்தது. அதன்படி சோதனை நடக்கவில்லை. நடந்திருந்தால், எடை மிகுந்ததும் தகுதியான பணியாளர் இல்லாததுமான அந்த விமானம் பறந்திராது. கீழமை நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 1977இல் அந்தத் தீர்ப்பை மாற்றியது. துறையின் உள் உத்தரவு, பயணிகளைக் காக்கும் சட்டக் கடமையை உருவாக்காது என்பது அதன் முடிவு. உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை.

அந்த இரவில் கிளமெண்டேயைக் கடலில் தள்ளியது விதி மட்டுமன்று. நிவாரணத்தைத் திருடிய ஓர் அரசு அவரை விமானத்தில் ஏற வைத்தது. சேதமடைந்த விமானத்தை வாடகைக்கு விட்ட பேராசை அதை ஓடுபாதைக்குக் கொண்டு வந்தது. கண்காணிக்க வேண்டிய அலுவலகத்தின் மெத்தனம் அதைப் பறக்க விட்டது. இம்மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் நடந்தன. ஒரு நல்லவர் அவற்றின் சந்திப்பில் அகப்பட்டுக்கொண்டார். நிறுவனங்கள் தம் கடமையைச் செய்யாதபோது அதன் செலவை யாரோ ஒருவர் ஏற்க நேர்கிறது. பெரும்பாலும் பெயர் தெரியாத ஏழைகள் ஏற்கிறார்கள். அன்று அந்தச் செலவை ஏற்றவருக்குப் பெயர் இருந்ததால் நமக்குத் தெரிய வந்தது.

சொமோசாவுக்கும் கணக்குத் தீர்க்கும் நாள் வந்தது. நிவாரணப் பணத்தைச் சுருட்டியதைக் கண்ட நிகராகுவாவின் வணிகர்களும் நடுத்தர வகுப்பினரும் அவரைவிட்டு விலகத் தொடங்கினர். 1979இல் அவருடைய ஆட்சி வீழ்ந்ததற்கு அந்த நிலநடுக்கத்தின் பின்விளைவுகளும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். கிளமெண்டே கனவு கண்ட விளையாட்டு நகரம் கரோலினாவில் எழுந்தது. வேரா பல பத்தாண்டுகள் அதைக் கட்டிக் காத்தார். ஆயிரக்கணக்கான சிறுவர்கள் அங்குப் பயின்றனர். பிற்காலத்தில் நிதியும் பராமரிப்பும் குறைந்து அதன் பல பகுதிகள் பாழடைந்தன. வேரா 2019இல் காலமானார். ஒருவரைப் போற்றுவதற்கு நமக்கிருக்கும் ஆர்வம், அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வதில் இருப்பதில்லை என்பதற்கு அந்தப் பாழிடமும் சான்றாக நின்றது.

ரசிகர்களின் துக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தங்கள் மொழியையும் நிறத்தையும் பெருமையோடு சுமந்த ஒருவரை இழந்த மக்கள் அழுதது இயல்பு. அவர் தங்களிடமிருந்து எதையும் பெறாமல் தங்களுக்காகப் பேசியவர் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால், நல்லவர்களின் தியாகத்தைப் போற்றும் சமூகம், அந்தத் தியாகம் ஏன் தேவைப்பட்டது என்றும் கேட்க வேண்டும். அனுப்பிய அரிசி பசித்தவனைச் சென்றடையும் என்ற உறுதி இருந்திருந்தால், அந்த இரவில் கிளமெண்டே தம் மூன்று மகன்களோடு புத்தாண்டை வரவேற்றிருப்பார். அவருடைய மட்டை இன்னும் சில ஆண்டுகள் பேசியிருக்கும்.

செப்டம்பர் 15ஆம் நாளை அமெரிக்க பேஸ்பால் உலகம் கிளமெண்டே நாளாகக் கொண்டாடுகிறது. அன்று பல அணிகளின் வீரர்கள் 21ஆம் எண் சட்டையை அணிந்து களமிறங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள். போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் உண்டு. தங்கள் பெயர்களைச் சுருக்காமல் அறிவிப்பாளர் உச்சரிப்பதையும், தங்கள் மொழியில் செய்தியாளரிடம் பேச முடிவதையும் அவர்கள் இயல்பான உரிமையாகக் கருதுகின்றனர். அந்த இயல்பை ஈட்டித் தந்தவருக்குக் கல்லறை இல்லை. ஒவ்வோர் ஆண்டின் கடைசி நாளிலும், கொண்டாட்டத்துக்கு நடுவே, போர்ட்டோ ரிக்கோவின் மூத்த தலைமுறையினர் அந்தக் கடலை நினைத்துக்கொள்கிறார்கள்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).